தொட்டி மாற்றும் வேளை

வீட்டில் ஒருவர் ஜுரத்தில் படுத்திருக்கையில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோகிறவர்களை நாம் கண்டதில்லை. ஆனால் தொட்டியில் வளரும் குறுமரம் சற்று வாடியதும் அதைப் பெயர்த்து வேறு தொட்டியில் வைக்கிறவர்கள் அநேகர். நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்தாம்.

ஆலங்காயத்தில் நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு குறுமரங்கள் இருந்தன. ஒன்று ஆல், மற்றொன்று இச்சி. பாழ்மதிலில் முளைத்த கன்றுகளைப் பெயர்த்து, ஆழமில்லாத தட்டில் நம் மாமனார் பதினெட்டு வருஷம் வளர்த்தவை. அவர் காலமானபின் அவை நம்மிடம் வந்தன. ஒரு மார்கழியில் ஆல் இலையுதிர்க்கத் தொடங்கிற்று. பதறிப்போய் வேரில் பாதியைக் கத்தரித்து, புதுத் தொட்டியில் நட்டு, தாராளமாக எருவும் இட்டோம். பொங்கலுக்குள் அது பட்டுப்போயிற்று. இரண்டு நாள் இல்லத்தரசி நம்முடன் பேசவில்லை.

பெயர்த்தபோது வேர்கள் திடமாகவே இருந்தன. கண் கண்டது, புத்தி காணவில்லை. அந்த மரத்துக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். உண்மையில், வீட்டுக்குள் வளரும் மரம் என்று ஒரு ஜாதியே கிடையாது; ஆலும் இச்சியும் வெயிலில் வளரப் பிறந்தவை. இருண்ட கூடத்தில் இலை போதிய உணவு சமைப்பதில்லை. நீரை உறிஞ்சுவதோ நுனியிலுள்ள மெல்லிய வேர்கள். அவற்றை வெட்டினால், புதுவேர் விட வேண்டிய உணவை இலைதான் அனுப்பவேண்டும். இலையுமில்லை, வெளிச்சமுமில்லை, மலையடிவாரத்துப் பனி வேறு; மரம் எதைக்கொண்டு பிழைக்கும்? ஆகவே, வாடிய மரத்தை முதலில் ஜன்னலோரமோ முற்றமோ கொண்டுபோக வேண்டும். பிறகு மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்க வேண்டும். இலையடியில் மாவுப்பூச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். தொட்டி கடைசி.

ஆரோக்கியமான மரத்துக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை மாற்றினால் போதும். ஊற்றிய நீர் இறங்காமல் மேலே நிற்பதும், வேர்ப்பந்து தொட்டியை விட்டு எழும்புவதும் அடையாளம். நம் பக்கத்தில் பங்குனி முற்பாதி ஏற்றது. தவறினால், கத்திரி வெயில் கழிந்து மழை விழுந்த ஆனி, ஆடி. வேரில் மூன்றிலொரு பங்குக்குமேல் கத்தரிக்கலாகாது.

ஜப்பானியர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1625 முதல் தட்டில் வளர்ந்துவரும் ஊசியிலை மரமொன்று 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிற்று. யாமாகி என்பவர் 1976-ல் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்று வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வேரைக் கவனித்தவர்கள் இல்லாவிடில் அது சாத்தியமா?

எல்லாவற்றுக்கும் ஒரு விலக்குண்டு. மறு வருஷம் ஐப்பசி அடைமழையில் இச்சி வாடிற்று. மண் சொதசொதவென்றிருந்தும் இலை தொங்கிற்று, முகர்ந்தால் துர்நாற்றம். வேரழுகலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கலாகாது. "இதையும் கொல்லப்போகிறீர்களா?" என்று இல்லத்தரசி அருகில் வந்து நின்றாள். தொட்டியின் துவாரம் களிமண்ணால் அடைபட்டிருந்தது. கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் நறுக்கினோம்; வெள்ளை வேரைத் தொடவில்லை. பருமணலும் செங்கற்பொடிக் கட்டிகளும் சிறிது மக்கும் கலந்து நட்டு, ஆடாமல் கம்பியால் கட்டி, மழைபடாத வெளிச்சத் திண்ணையில் வைத்தோம். ஒரு மாதத்துக்கு எரு கிடையாது.

ஆறாவது வாரம் கிளைநுனியில் சிவந்த மொட்டு ஒன்று தெரிந்தது. முதலில் கண்டவள் அவளே. நம்மைக் கூப்பிடாமல், தன் தாயாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினாள்.