கார்-டி மருந்தைத் தயாரிப்பது யார்? அவர்களுக்குப் பயிற்சி தருவது யார்?

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி வகை ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவில் அப்போது மருந்துக்கே மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆன கார்-டி சிகிச்சை, இங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. விலையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதைத் தயாரிப்பவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கார்-டி கடையில் அடுக்கிவைத்து விற்கும் மருந்தல்ல. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்கள் எனும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் மூலம் ஒரு மரபணுவைச் செலுத்தி, புற்றுச் செல்லை அடையாளம் காணச் செய்து, பெருக்கி, அதே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு ஒரு பேட்ச். அது வீணானால் இன்னொரு முறை செல் எடுக்க அவர் உடல் இடம்கொடுக்குமா என்பது சந்தேகம்தான். கடைசியில் கிருமிநீக்கம் செய்துகொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. கிருமியோடு செல்லும் செத்துவிடும். ஆகவே முதலிலிருந்தே கிருமி அண்டாமல் வேலை செய்தாக வேண்டும்.

இதற்கென்று ஒரு தேர்வு இருக்கிறது. புதிதாக வந்தவரிடம் நோயாளியின் செல்லைக் கொடுக்க மாட்டார்கள். கிருமி செழித்து வளரக்கூடிய ஊட்டக் கரைசலைக் கொடுப்பார்கள். உடல் முழுக்க மூடும் உடை, முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறையோடு, தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் அந்தக் கரைசலில் செய்துகாட்ட வேண்டும். பிறகு அதை 14 நாள் இன்குபேட்டரில் வைப்பார்கள். தெளிவாக இருந்தால் தேர்ச்சி. லேசாகக் கலங்கியிருந்தாலும் எங்கோ கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். ஆரம்பத்திலிருந்து ஆராய வேண்டும். தேறியவரும் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி செய்துகாட்ட வேண்டும். முனைவர் பட்டம் இருந்தாலும் விலக்கு கிடையாது.

கல்லூரி ஆய்வகத்தில் சோதனை கெட்டால் அடுத்த வாரம் திரும்பச் செய்யலாம். அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு, ஒவ்வொரு படியையும் செய்த கையோடு எழுதிக் கையெழுத்திடுவதே பெரிய பாடு. எழுதாதது இங்கே நடக்காததாகவே கொள்ளப்படும்.

பயிற்சி செவிலியருக்கும் தேவை. ஏற்றிய செல்கள் சில நாட்களில் கடும் காய்ச்சலையும், சிலருக்கு மூளைப் பாதிப்பையும் உண்டாக்கலாம். மூளைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் மிக எளிமையானது காகிதமும் பேனாவும். நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்கிறார்கள். நேற்று ஒழுங்காக எழுதியவரின் எழுத்து இன்று கோணலாகக் கிறுக்கப்பட்டிருந்தால், செவிலியர் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும்.

இப்படிப் பயிற்சி பெற்ற ஆட்களுக்குப் பற்றாக்குறை வரும் என்று பிரிட்டன் முன்கூட்டியே கணித்து, 2018-ல் செல், மரபணு சிகிச்சைக்கெனத் தொழில் பழகுநர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளி முடித்தவரும் சேரலாம். நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை, கூடவே படிப்பு. எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது. பட்டம் வாங்கியபின் சொந்தக் காசில் சான்றிதழ் வகுப்புக்கு அலையும் நம் பிள்ளைகளுக்கு, வேலை செய்யும் இடத்திலேயே கற்கும் வாய்ப்பு அரிது.

செல், மரபணு சிகிச்சை தமிழ்நாட்டுக்குத் தூரத்து விஷயம் அல்ல. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோய் கடுமையாக உள்ள 5 பேருக்கு, மரபணு சேர்த்த அவர்களுடைய ஸ்டெம் செல்களையே வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஏற்றினார்கள். அந்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. இத்தகைய சிகிச்சைகள் பெருகினால் ஆள் எங்கிருந்து வரும்? பயோடெக் பட்டதாரிகளைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். டெங்கு காலத்தில் இரவு முழுக்கப் பிளேட்லெட் பிரித்துக்கொடுக்கும் ரத்த வங்கி டெக்னீஷியனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கார்-டிக்கான வெள்ளணுக்களைப் பிரிப்பதும் அதே வகை இயந்திரத்தில்தான்.