மயக்கம் எந்த மருந்தால் வந்தது என்று எழுதி வையுங்கள்

பருத்திக்கு மருந்து அடிக்கக் கிளம்பும்போது என்ன உடுத்துகிறீர்கள்? பழைய முழுக்கைச் சட்டை, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி. காலில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பயிற்சி முகாமுக்குப் போனால் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் பூட்ஸ் எல்லாம் போடச் சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வருகிறோம். புரட்டாசி வெயிலில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு, முதுகில் தெளிப்பானையும் சுமந்து அரை மணி நேரம் நடந்து பார்த்தால் தெரியும், ஏன் யாரும் போடுவதில்லை என்று.

கவசம் போடாதது விவசாயியின் அலட்சியம் என்றே பலரும் பேசுகிறார்கள். உலக அளவில் எழுதப்பட்ட ஒரு விதி அப்படிச் சொல்லவில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1985இல் பூச்சிக்கொல்லி மேலாண்மைக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அதை நடத்துகிறது. அதில் ஓர் இடத்தில் சொல்லியிருப்பதன் சாரம் இது: உடுத்த முடியாத, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத கவசம் போட்டுத்தான் ஒரு மருந்தைக் கையாள முடியும் என்றால், அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும், வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகள், பண்ணைத் தொழிலாளர்கள் விஷயத்தில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். வெயிலை மாற்ற முடியாது, மருந்தை மாற்றலாம் என்கிறது விதி. ஆனால், இதற்குச் சட்ட பலம் கிடையாது. அரசுகளும் கம்பெனிகளும் தாமாக ஏற்று நடக்க வேண்டியது.

சட்ட பலம் உள்ளது நம் நாட்டில் வேறு இருக்கிறது. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டுக் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பத்து ஆண்டுகள் கழித்து வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உங்கள் கையில் இருக்கும் பாட்டிலின் முக்கோணம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி அச்சடித்தது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை முக்கோணம் என்றால் இயற்கை மருந்து என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அப்படி இல்லை. உடனடி நஞ்சு குறைவு என்பதை மட்டுமே அந்த நிறம் சொல்கிறது. பல ஆண்டு அடித்தால் உடம்பில் என்ன ஆகும் என்பது அதில் இருக்காது.

அதே விதிகளில், மருந்து கையாளும் ஆட்களுக்கு மருத்துவப் பரிசோதனை, கவச உடை, பயிற்சி எல்லாம் முதலாளி தர வேண்டும் என்று இருக்கிறது. பாஸ்பரஸ் வகை மருந்தோடு வேலை செய்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. தெருமுனையில் நின்று, டேங்குக்கு இவ்வளவு என்று பேசி வரும் கூலித் தொழிலாளிக்கு அந்த ரத்தப் பரிசோதனையை யார் செய்வது? காலையில் ஒருவர் வயல், மதியம் வேறொருவர் வயல். அவருக்கு முதலாளி என்று யாரைச் சொல்வது? சொந்த வயலில் தானே அடிக்கும் குறு விவசாயிக்கோ முதலாளியே இல்லை.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் நடந்தது நினைவிருக்கும். பருத்திச் செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே பீய்ச்சிய மருந்து அடித்தவர் மீதே இறங்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்தி வயல்களிலும் உயிர்கள் போயின.

இங்கேதான் நாடுகள் சேர்ந்து செய்த ஒப்பந்தங்கள் வருகின்றன. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001இல் வேளாண்மையில் பாதுகாப்பு, உடல்நலம் பற்றி 184ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆபத்தான வேலையில் விடக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுபவரை அந்த உடன்படிக்கையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்று 1998இல் ஏற்று 2004இல் நடைமுறைக்கு வந்த ராட்டர்டாம் உடன்படிக்கை. இதில் இந்தியாவும் உண்டு. இதன் பட்டியலில் ஒரு மருந்து ஏறிவிட்டால் அது தடை ஆகிவிடாது. வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால், அதில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஏழை நாட்டில், அங்குள்ள சூழலில் அடித்தபோது ஒரு மருந்து ஆட்களைச் சாய்த்தது என்று காட்டினால், அந்த நாடே அதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பருத்தி விளையும் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோ அதைச் செய்தது. மூன்று மண்டலங்களில் விவசாயிகளைத் தேடிப் போய், எந்த மருந்து அடித்தீர்கள், எப்படி அடித்தீர்கள், உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்டு எழுதினார்கள். களைக்கொல்லியான பாராகுவாட் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 2010இல் அந்த விவரத்தோடு விண்ணப்பம் போனது. நிபுணர் குழுவும் சேர்க்கலாம் என்றது. ஆனால், எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் பட்டியலில் ஏற முடியும். 2013 மாநாட்டில் எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லாத, முறிவு மருந்தே இல்லாத ஒரு நஞ்சுக்காக நாம் ஏன் நிற்க வேண்டும்? விற்பவர்களின் கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இலங்கையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியது என்று முதல் வகுப்பில் வைத்த மருந்துகளை 1995இல் அங்கே நிறுத்திவிட்டார்கள். மோனோகுரோட்டோபாஸும் அதில் போனது. விஷத்தால் சாவு வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. நம் நாட்டில் மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்துக்குத் தடை ஆணை வர 2023 ஆனது. மாநில அரசு நினைத்தால் ஒரு மருந்தை 60 நாள் அளவுக்கு, நீட்டித்தால் அதிகபட்சம் 90 நாள் அளவுக்கே நிறுத்தலாம். தமிழகம் ஆறு மருந்துகளுக்கு அப்படிச் செய்தும் பார்த்தது. நிரந்தரத் தடை டெல்லியின் கையில்.

டெல்லியோ ஜெனீவாவோ முதலில் கேட்பது, எத்தனை பேருக்கு என்ன ஆனது என்ற கணக்கை. அது நம்மிடம் இல்லை. மருந்து அடித்துவிட்டு வந்து தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால், மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். காலையில் சரியாகிவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. மருந்தைக் கையாளும்போது நேரும் நச்சுப் பாதிப்புகளைத் தெரிவிக்கும்படி யாருக்கும் உத்தரவிட 1968 சட்டத்தின் 26ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் ஒவ்வொருவரும் எழுதி அனுப்ப வேண்டும் என்று அதன்படி கேட்கலாம். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது சில. கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண் அதில் இருக்கட்டும். சிவப்பு முக்கோணத்தைக் கொடுத்தால், இதே பூச்சிக்கு நீலத்திலோ பச்சையிலோ என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வேளாண் அலுவலரிடமும் கேளுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிக்குத் தலைக்கு மேல் அடிக்கச் சொல்லிக் கூலி ஆளை அனுப்பாதீர்கள். அடித்தவருக்கு எச்சில் ஊறி, வியர்த்து, கண் பாவை சுருங்கினால் பாஸ்பரஸ் வகையாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு, நேரம்தான் முக்கியம். 108ஐ அழையுங்கள். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பாட்டிலை லேபிளோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்தின் பெயரை நோயாளிச் சீட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை வீட்டில் ரசீதோடு சேர்த்து வையுங்கள்.