போறணையும் புளூபெரியும்

தமிழிலே ‘அவன்’ என்பது படர்க்கை ஆண்பால் ஒருமைச் சுட்டுப்பெயர். பால வகுப்பு முதல் பண்டித வகுப்பு வரை முப்பது வருடங்களாக இதனைக் கற்பித்து வந்திருக்கிறேன். அந்த ‘அவன்’ குசினிச் சுவரோரமாய் நின்று, 375 பாகை வெப்பத்திலே பலகாரம் சுடுவான் என்பதைச் சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலேதான் அறிந்துகொண்டேன்.

கனடாவிலே மகள் வீட்டிற்கு நானும் மனைவியும் போயிருந்தோம். பேர்த்திக்கு எட்டு வயது. சனிக்கிழமைகளிலே தமிழ் வகுப்புக்குப் போகிறவள். கோடை விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும்போது ‘எங்கள் வீட்டுப் பலகாரம்’ என்னும் பொருளிலே ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. பிள்ளை தானாகவே எழுதி, “அம்மப்பா, பிழை இருந்தால் சொல்லுங்கோ” என்று கொப்பியை என் மடியிலே வைத்தாள்.

“நானும் அம்மாவும் குசினியில் புளூபெரி மஃபின் செய்தோம். அம்மா அவனைச் சூடாக்கினா. பிறகு நாங்கள் மஃபினை அவனுக்குள் வைத்தோம்.”

யாரை அம்மா சூடாக்கினாள், யாருக்குள் எதை வைத்தார்கள் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு விளங்கிற்று. விளங்கியதும் கை தானாகவே சிவப்புப் பேனையை எடுத்தது. பழக்கதோஷம். ‘புளூபெரி’ நீலக்கனி ஆயிற்று. ‘மஃபின்’ சிற்றணிச்சல் ஆயிற்று. ‘குசினி’ அடுக்களை ஆயிற்று. ‘அவன்’ வெதுப்படுப்பு ஆயினான். திருத்திய கட்டுரையைக் கையிலே கொடுத்து, வாசி பார்ப்போம் என்றேன்.

“நீலக்கனிச் சிற்ற… சிற்றணி…”

இரண்டு முறை முயன்றாள். கொப்பியை மெல்ல மூடி மேசையில் வைத்துவிட்டு, துவிச்சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழவில்லை, கோபிக்கவுமில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. தமிழ் தனக்குரியதன்று, பெரியவர்களுடைய விஷயம் என்று ஒரு பிள்ளை தீர்மானிக்கும்போது சத்தம் எதுவும் கேட்பதில்லை.

மகள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் திருத்தினதிலே பிள்ளை சொன்னது ஒன்றும் மிஞ்சவில்லை. நாளைக்குக் குசினிக்கு வாங்கோ. ஒருக்கால் செய்து பாருங்கோ. பிறகு பேர் வையுங்கோ” என்றாள்.

மறுநாட் காலை குசினியிலே நான்கு பேர். மஃபின் என்பது ஆங்கிலநாட்டிலே ஒருவகையாகவும், அமெரிக்கா, கனடா நாடுகளிலே வேறொரு வகையாகவும் வழங்குவது. அங்கே புளிக்கவைத்த மாவைக் கல்லிலே சுட்டெடுக்கும் தட்டையான பாண். இங்கே சிறு குழிகள் கொண்ட தட்டத்திலே வார்த்துச் சுடும் இனிப்புப் பலகாரம். நாங்கள் செய்தது பின்னையது. பன்னிரண்டு மஃபினுக்கு இரண்டு கோப்பை கோதுமை மா, முக்காற் கோப்பை சீனி, அரைக் கோப்பை பட்டர், இரண்டு முட்டை, அரைக் கோப்பை பால், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு கோப்பை புளூபெரி.

“அமெரிக்கன் மா எங்கே கிடக்கு?” என்றாள் என் மனைவி. யாழ்ப்பாணத்திலே கோதுமை மாவுக்கு அதுதானே பெயர்! கனடாவிலே விளைந்து, கனடாவிலே அரைபட்டு, கனடா என்று முகத்திலே எழுதிக்கொண்டு நின்ற பையைப் பார்த்தே அவ்வாறு கேட்டாள். மகளும் மயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். பேர்த்திக்கும் அச்சொல் தெரிந்திருந்தது.

மாவை அரிக்கும் வேலை எனக்கு வந்தது. அரிதட்டைக் கையில் எடுத்தபோது, அரித்தல் என்ற வினையை யாரும் எனக்குக் கற்பிக்கத் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தேன். பட்டரை உருக்கு, முட்டையை அடி, சீனியைக் கரை, பழத்தை ஒரு கரண்டி மாவிலே பிரட்டு என்று மனைவியும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர்ச்சொற்களிலே பாதி பிறநாட்டவை. வினைகளோ எல்லாம் தமிழ். அதுவும் மாற்றி வைக்க முடியாத தமிழ்.

இனி, கலக்கும் கட்டம். செய்முறைத் தாளிலே ஆங்கிலத்தில் இருந்த சொல்லை நான் ‘மடி’ என்று பெயர்த்தேன். மாவை மடிப்பதாவது! வேட்டியையல்லவா மடிப்பது? பிள்ளை அகப்பையைப் பிடித்துச் சுழற்றத் தொடங்கினாள். அப்பொழுது என் மனைவி, “குழையாதை பிள்ளை, கல்லாய்ப் போகும். சும்மா மேலாலே அளைஞ்சு விடு” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்திலே ஒரு பாகசாத்திரம் அடங்கியிருக்கிறது. கோதுமை மாவிலே நீர் பட்டதும், அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று பிணைந்து இழுபடும் தன்மை அடைகிறது. குளூட்டன் என்று அதற்குப் பெயர். குழைக்கக் குழைக்க அந்தப் பிணைப்பு வலுக்கும். ரொட்டிக்கு அது வேண்டும். ஆதலால் ரொட்டி மாவைக் குழைத்து ஊறவிடுகிறோம். மஃபினுக்கு அது வேண்டாம். வரண்ட மாவையும் ஈரக் கலவையையும் வெவ்வேறாகக் கூட்டி வைத்து, கடைசியிலே ஒன்றாக்கி, பத்துப் பன்னிரண்டு முறை மாத்திரம் கிளறி, சிறு கட்டிகள் தெரியத்தக்கதாகவே விட்டுவிட வேண்டும். மிகையாகக் கலந்தால் உள்ளே நீண்ட துளைகள் விழுந்து சவ்வுப்போல் ஆகிவிடும்.

ஒடியற் கூழைத் துழாவுவோம். களியைக் கிண்டுவோம். பிட்டு மாவைக் கொத்துவோம். தயிரைக் கடைவோம். ரொட்டி மாவைக் குழைப்போம். இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்திலே வைத்தால் பலகாரம் கெடும். இத்தனைக்கும் நடுவே கலந்தும் கலவாததாய் விடுவதற்கு என் மனைவி தேடாமலே எடுத்த சொல் ‘அளைதல்’. சோற்றை உண்ணாமல் விரலால் விளையாடும் பிள்ளையை “அளையாதை” என்று அதட்டுகிறோமே, அந்தச் சொல். ஏட்டிலே அதற்கு உறவினன் ‘அளாவுதல்’. வள்ளுவர் மக்கட்பேற்றிலே குழந்தை தன் கையால் கூழைக் கலப்பதற்கு ஆண்ட வினை அதுவே. அந்தக் குறளை எத்தனை முறை பதவுரை சொல்லிக் கடந்திருக்கிறேன்! அந்தக் கை எப்படி அசையும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவ்வளவும் நன்றாய் நடந்தது. கெட்டது என்னாலே. பேக்கிங் பவுடர் என்பது அப்பச்சோடாவின் ஆங்கில அலங்காரம் என்று எண்ணி, தாளிற் கண்ட இரண்டு தேக்கரண்டிக்கு அப்பச்சோடாவையே அள்ளிப் போட்டுவிட்டேன். ஒருவரும் காணவில்லை. இருபத்தைந்து நிமிடங்களின் பின் தட்டம் வெளியே வந்தது. பழத்தைச் சுற்றிலும் பாசி படர்ந்த கேணிப்படி போலப் பச்சை! வாயிலிட்டால் சவர்க்காரச் சுவை. “அம்மப்பா, இது புளூபெரியா, கிரீன்பெரியா?” என்று பேர்த்தி கேட்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

அப்பச்சோடா ஒரு காரம். அது பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். நம் அப்பமாவிலே கள்ளோ பழைய மாவோ இட்டுப் புளிக்க வைத்திருப்பதால் அந்தப் புளிப்புக் காரத்தோடு கூடி வாயுவாகி மாவை எழுப்புகிறது. பாலும் முட்டையும் மாத்திரம் சேர்ந்த கலவையிலே அதற்குத் துணை இல்லை. காரம் காரமாகவே நின்றுவிடும். புளூபெரியின் நீலமோ நிலையில்லாத நிறம். புளிப்பிலே சிவக்கும், காரத்திலே பச்சையாகும். பேக்கிங் பவுடரிலே சோடாவும் புளிப்புப் பொருளும் ஒன்றாய் உலர்ந்து கிடக்கின்றன. நனைந்ததும் வேலையைத் தொடங்கும். இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரிலே அல்பிரட் பேட் என்னும் மருந்து வணிகர் 1843ஆம் ஆண்டிலே இதனைக் கண்டது, நொதி சேர்ந்த பாண் உடம்புக்கு ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு. மனைவியின் பேச்சைக் கேட்டவர் கண்டுபிடித்தார்; கேளாதவன் பச்சை மஃபின் சுட்டான்.

இரண்டாம் முறை மா கூட்டினோம். தட்டம் உள்ளே போனபின் பேர்த்தி மிஞ்சிய பழங்களை மேசையிலே பரப்பிக்கொண்டிருந்தாள். அவை ஒன்ராறியோவின் வடபுறத்திலே காடாய்க் கிடக்கும் குட்டைச் செடியின் பழங்கள். நம்மூர்ச் சூரைப்பழத்தின் அளவு இருக்கும். கடைகளிலே விற்கும் தோட்டப் பழம் பெரிது. கிள்ளினால் உள்ளே வெளிறியிருக்கும். காட்டுப் பழமோ சிறிது, சுவையிலே முந்தியது.

“அம்மப்பா, இதிலே நட்சத்திரம் இருக்கு” என்றாள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். பழத்தின் உச்சியிலே பூவின் புறவிதழ் உதிராமல் நின்று ஐந்து முனைகளோடு ஒரு மீன் வடிவாய்த் தோன்றுகிறது. அன்றிரவு மகள் ஒரு புத்தகத்திலிருந்து வாசித்துச் சொன்னாள்: பேரேரிகளைச் சூழ வாழும் ஆதிக்குடிகளாகிய அனிசினாபே மக்கள் இந்தப் பழத்துக்கு வழங்கும் பெயர் ‘மீன்’. நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். விண்மீனைச் சூடிய பழத்துக்கு மீன் என்று பெயர்! ஆனால் அன்பர்கள் அவசரப்பட வேண்டாம். அவர்கள் மொழியிலே நட்சத்திரத்துக்கு ‘அனங்’ என்று வேறு சொல் உண்டு. ஓசை ஒத்ததைக் கொண்டு உறவு கட்டும் ஆராய்ச்சி நம்மிடையே ஏற்கெனவே போதுமான அளவு நடந்திருக்கிறது. இது தற்செயல். பேர்த்தியிடம், ‘மீன்பழம்’ என்று எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “வகுப்பிலே சிரிப்பினம். மீன் நாறும் என்று சொல்லுவினம்” என்றாள். வாதம் முடிந்தது.

பேர் வைக்கும் தொல்லை நமக்கு மாத்திரம் உரியதன்று. இப்பழம் காட்டிலே பொறுக்கப்பட்டதேயன்றி நெடுங்காலம் தோட்டத்திலே வளர்க்கப்படவில்லை. எருவிட்ட நல்ல நிலத்திலே நட்டவர்கள் தோற்றார்கள். அது புளிப்பு மண்ணையே வேண்டுவது என்பதை அமெரிக்கத் தாவரவியலார் பிரெடரிக் கோவில் ஆராய்ந்து 1910இலே வெளியிட்டார். அதை வாசித்த எலிசபெத் வைற் என்னும் அம்மையார், நியூ ஜேர்சியிலே தம் தந்தையின் தோட்டத்திலே இதை வளர்க்கலாம் என்று 1911இலே அவருக்கு எழுதினார். காடறிந்த அயலவரை அழைத்து, பெரிய பழங்காய்க்கும் செடியைக் காட்டுவோருக்குக் கூலியும், அச்செடிக்கு அவர் பெயரும் என்று அறிவித்தார். ரூப் லீக் என்பவர் ஒரு செடியைக் காட்டினார். ‘ரூப்’ என்றால் அவர்கள் வழக்கிலே பட்டிக்காட்டான். ‘லீக்’ என்றால் வெங்காய வாசம். பலநாள் யோசித்து, பின்னையதன் முதலெழுத்தை முன்னையதோடு ஒட்டி ‘ரூபெல்’ என்றார்கள். இன்றைக்கும் அவ்வினம் அப்பெயரோடே காய்க்கிறது. லெமன் என்னும் பெயருடைய ஒருவர் காட்டிய செடிக்கு எலுமிச்சை என்று பெயர் வைப்பது எப்படி? அவருடைய முற்பெயரைக் கொண்டு ‘சாம்’ ஆக்கினார்கள். முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது 1916இலே. செடியைக் காட்டியவனின் பெயரையே செடிக்கு இட வேண்டும் என்ற அந்த அம்மையாரின் முறை எனக்குப் பிடித்திருந்தது. மினசோற்றா மாநிலத்திலே 1988ஆம் ஆண்டு புளூபெரி மஃபினை மாநிலத்தின் மஃபினாகச் சட்டமாக்கினார்களாம். கேட்டவர்கள் கார்ல்ரன் என்னும் ஊரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். எட்டு ஒன்பது வயதிற் சொன்னதைப் பெரியவர்கள் திருத்தாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தட்டம் பொன்னிறமாய் வந்தது. பழம் வெடித்து ஊதா நிறச் சாறு ஓரத்திலே கசிந்திருந்தது. சூட்டோடு ஒன்றைப் பிட்டுக்கொண்டே பிள்ளை, “அம்மம்மா, ஊரிலே உங்களுக்கு அவன் இருக்கிறதோ?” என்றாள்.

“வீட்டிலே இல்லை. பாண் சுடுகிற இடத்திலே போறணை இருக்கும்” என்றாள் மனைவி.

“போறணை” என்று பிள்ளை சொல்லிப் பார்த்தாள். மீண்டும் சொன்னாள். சொல் அவள் நாக்கிலே உருண்டது.

நான் பேசாமல் இருந்தேன். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது; பாண், குசினி, கதிரை, அலுமாரி, சப்பாத்து முதலியவற்றோடு கூடப் பிறந்தது. முப்பது வருடங்களாக மாணவர் கட்டுரைகளிலே குசினியை வெட்டி அடுக்களை என்றும், கதிரையை வெட்டி நாற்காலி என்றும் எழுதி வந்தவன் நான். தொல்காப்பியர் சொல்லை நான்காக வகுத்து அவற்றுள் ஒன்றைத் திசைச்சொல் என்று வைத்தார் எனக் காலையிலே கற்பித்துவிட்டு, மாலையிலே வெட்டுவேன். அப்படி வெட்டுப்பட்டவர்களுள் எத்தனைபேர் கொப்பியை மெல்ல மூடிவிட்டு எழுந்து போனார்களோ!

அன்று மாலை பிள்ளை புதிய தாளிலே எழுதினாள். புளூபெரியும் மஃபினும் அவள் வைத்தபடியே இருந்தன. குசினியும் இருந்தது. “அம்மப்பா அமெரிக்கன் மாவை அரித்துத் தந்தார். அம்மம்மா குழைக்க வேண்டாம், அளைந்து விடு என்று சொன்னா. அம்மப்பா அப்பச்சோடா போட்டதால் முதல் மஃபின் பச்சை ஆகிவிட்டது. பிறகு நாங்கள் இன்னும் ஒருதரம் செய்து போறனைக்குள் வைத்தோம்.”

‘போறனை’ என்றிருந்ததைப் ‘போறணை’ என்று மாத்திரம் திருத்தினேன். அதையும் பென்சிலாலே.