மறுப்பின் எழுவாய்

ஓர் உடல் ஓரிடத்தில் மறுக்கப்படும்போது, மறுத்தது யார் என்றுதான் முதலில் கேட்கிறோம். சட்டமும் அதையே கேட்கிறது. விமானப் பயணத்தில் மாற்றுத்திறனாளிகள் பெற்ற உரிமைகளின் வரலாறு இந்தக் கேள்விக்குள்தான் நகர்கிறது. அதன் எல்லையும் இதுவே.

2012 பிப்ரவரி 19. கொல்கத்தா விமான நிலையம். கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் கொண்டவர், மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர். ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்த இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் விதி திருத்தப்பட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக்கூடாது. பயணத்தில் உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், விமான நிலையத்தில் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். அதன் பிறகும் மறுத்தால், காரணத்தை உடனே எழுத்தில் தரவேண்டும்.

இது சின்ன விஷயமல்ல. பயணி வாசலிலேயே நோயாளியாக்கப்படுகிறார் என்ற சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மறுப்புக்கு இப்போது ஒரு கையெழுத்து உண்டு. வழக்குப் போட ஒரு பெயர் உண்டு.

சரி, அந்த வாசலுக்குப் போய்ச் சேர்வது எப்படி? நீலகிரிக்காரர்களுக்கு விமானம் என்றால் கோவைதான். ஊட்டியிலிருந்து குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம் என்று ஏறக்குறைய 100 கிலோமீட்டர் இறங்கவேண்டும். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் சூம்பிய ஓர் அக்காவிடம் ஜீஜா கோஷ் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டார். 'பிளேன் கெடக்கட்டுங்க. பஸ்ஸே ஏத்திக்க மாட்டேங்குது.'

இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். 'கண்டக்டர் ஏத்திக்க மாட்டேங்கறார்' என்று அவர் சொல்லவில்லை. கண்டக்டர் நல்லவராகவே இருக்கலாம், தூக்கிவிடக்கூடச் செய்யலாம். மறுப்பது பஸ், அதன் முழங்கால் உயரப் படி, லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கல்படிகள். எல்லாம் அஃறிணை. சட்டத்துக்கோ உயர்திணை எழுவாய்தான் பழக்கம். யாரும் 'கூடாது' என்று சொல்லாத இடத்தில் குற்றமே நடக்கவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பஸ் நிறுத்தத்தையும் விமான நிலையத்தையும் ஒரே மூச்சில்தான் பேசுகிறது. ஆனால் பழைய வாகனங்களை மாற்றுவது என்று வரும்போது, தொழில்நுட்பரீதியாக முடிந்தால், செலவு கட்டுப்படியானால், வடிவமைப்பில் பெரிய மாற்றம் வேண்டியிராவிட்டால் என்று ஆல்கள் அடுக்கப்படுகின்றன. அஃறிணை ஒளிந்துகொள்ளும் இடம் இந்த ஆல்கள்தான். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் தந்தது. படிக்கட்டும் குற்றவாளியாகலாம் என்பதை நீதிமன்றம் ஏற்கத் தொடங்கியிருக்கிறது.

விமான நிறுவனம் மறுத்தால் எழுதித் தரவேண்டும். பஸ் படியின் மறுப்பை யார் எழுதித் தருவது? அந்தப் படியை யாரோ வரைந்தார்கள், யாரோ அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த உயர்திணைகளின் பெயரைக் கேட்டு வாங்குவதுதான் இனி நடக்கவேண்டிய வேலை.