கப்பல் டூர் போகலாமா? வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகளோடு திட்டமிடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. பையன் கேம்ஸ் விளையாடுகிறான். பெண் பாட்டு டவுன்லோட் செய்கிறாள். அப்பாவும் அம்மாவும் அதன் பக்கம் போவதே கரண்ட் பில் கட்டுவதற்குத்தான். பல வீடுகளில் இதுதான் நிலை. நால்வரும் ஒரே மானிட்டர் முன்னால் உட்கார ஒரு நல்ல காரணம் வேண்டுமென்றால், விடுமுறைக்குக் கப்பலில் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்குக் கப்பல் புதியதல்ல. வ.உ.சி. 1906ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட விட்ட ஊர்ப்பக்கம் இது. 2011 ஜூன் மாதம் ஸ்கோட்டியா பிரின்ஸ் என்ற கப்பல் அதே தூத்துக்குடி - கொழும்பு பாதையில் மீண்டும் கிளம்பியது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்று போனது. எனவே இப்போது நெல்லைக் குடும்பம் சுற்றுலாக் கப்பல் ஏற வேண்டுமென்றால் சென்னைக்கோ கொச்சிக்கோதான் போக வேண்டும். இன்னும் பெரிய கப்பல் வேண்டுவோர் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் செல்லலாம்.

எந்த ஊர் என்பதை ஆசை முடிவு செய்வதில்லை. பள்ளிக் காலண்டர்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022, 2023 ஆண்டுகளில் சென்னைக்கு வந்தது. 2022 ஜூன் 4ல் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் அதன் பயணத்தைத் தொடங்கி வைத்தார். 2023 ஜூன் 5ல் அதே கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. ஜூன் என்றால் நம் ஊரில் பள்ளி திறக்கும் மாதம். பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் இருந்தால் கல்லூரி விண்ணப்பம், கவுன்சிலிங் என்று வேறு தலைவலி ஓடிக் கொண்டிருக்கும். கவுன்சிலிங் நாளும் கப்பல் நாளும் மோதினால், கட்டிய பணம் முழுவதும் திரும்பாது.

கொச்சியில் நிலைமை நேர் மாறானது. லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ், சமுத்ரம் என்ற பெயரில் ஐந்து நாள் கப்பல் பேக்கேஜ் நடத்தி வந்துள்ளது. எம்.வி. கவரத்தி என்ற கப்பலில் இரவுத் தூக்கம்; பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிச் சுற்றல். மழைக்காலத்தில் இது கிடையாது. ஆகவே ஏப்ரல் பிற்பகுதியும் மே தொடக்கமும் பள்ளி விடுமுறையோடு சரியாகப் பொருந்துகிறது. அடுக்கு மாடி ஆடம்பரமெல்லாம் இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஸ்னார்கெலிங், கயாக் என்று தண்ணீரில் ஆடத் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதுதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு. லட்சத்தீவுக்குப் போக முன் அனுமதி கட்டாயம் தேவை. அதன் விதிகளையும் அந்த ஆண்டின் பயண நாட்களையும் நிர்வாகத்தின் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கிடவும்.

விளம்பர விலையும் உண்மை விலையும்

கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடலாம். புதிய பைல் ஒன்றைத் திறந்து அதற்கு "கப்பல் கணக்கு" என்று பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். கீபோர்டைப் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்து விடுங்கள். கணக்கை அவர்களே போட்டால், கப்பலில் ஏறிய பின் "அதை வாங்கித் தா, இதற்குப் பணம் கட்டு" என்ற பேச்சு பாதியாகக் குறையும்.

முதல் வரிசையில் செலவு, ஒருவருக்கு, எத்தனை பேர், மொத்தம் என்று நான்கு தலைப்புகள். இரண்டாவது வரிசையில் கப்பல் கட்டணம். டி2 கட்டத்தில் =பி2*சி2 என்று ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்து என்டர் தட்டவும். பின் அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து டி9 வரை இழுத்தால் பார்முலா தானாகவே பரவிவிடும்.

உதாரணத்துக்கு நாமே சில எண்களைப் போட்டுக் கொள்வோம். விளம்பரத்தில் "தலைக்கு 25,000 ரூபாய்" என்று இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு லட்சம். துறைமுகக் கட்டணம் தலைக்கு 4,000, ஊழியர்களுக்கான டிப்ஸ் தலைக்கு 1,000, வரி எல்லோருக்குமாக 5,000, போக வர ரயில் தலைக்கு 2,000, முந்தைய இரவு லாட்ஜ் 4,000, கரையில் சுற்றிப் பார்க்க தலைக்கு 3,000, கப்பலில் வை-பி இரண்டு பேருக்கு 2,000 வீதம். டி10 கட்டத்தில் =சம்(டி2:டி9) என்று ஆங்கிலத்தில் அடித்தால் வருவது 1,53,000. ஒரு லட்சம் என்று நினைத்துத் தொடங்கிய டூர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விட்டது. ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. எல்லாமே பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பவைதான்.

இந்தச் சின்ன எழுத்தைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. புக்கிங் தளத்தில் நான்கு பேரின் வயதையும் கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை செல்லுங்கள், கட்ட வேண்டாம். கடைசித் தொகை அங்கேதான் முழுதாகத் தெரியும். அதனைக் கீபோர்டில் உள்ள பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்திப் படமாக எடுத்து, பெயின்ட் புரோகிராமில் பேஸ்ட் செய்து சேவ் செய்திடவும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்ற வரியும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கையில் கழித்துக் கொள்ளலாம்.

வயதைச் சரியாகக் கொடுப்பது முக்கியம். பல கப்பல்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் தனி அறையில் தங்க முடியாது. சில நிறுவனங்கள் 21 என்று வைத்துள்ளன. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெரியவர் என்று கேட்டால், அம்மாவும் பெண்ணும் ஓர் அறை, அப்பாவும் பையனும் ஓர் அறை என்று பிரிய வேண்டி வரும். நான்கு பேர் ஒரே அறையில் என்றால் செலவு குறையும். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் இருவரோடு ஒரே ஒரு பாத்ரூம் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள்!

கப்பலைப் பிள்ளைகளே துப்பறியட்டும்

நிறுவனத்தின் தளத்தில் எல்லா அறைகளும் அழகாகத்தான் இருக்கும். எம்பிரஸ் கப்பல் 1990ல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. பின்னர் எம்பிரஸ் ஆப் த சீஸ் என்றானது. இந்தப் பழைய பெயர்களைக் கூகுளிலும் யூடியூபிலும் கொடுத்துத் தேடினால், அதே கப்பலில் போனவர்கள் எடுத்த வீடியோக்கள் கிடைக்கும். அறையின் அளவு, மாடியின் கூட்டம், சாப்பாட்டு வரிசை எல்லாம் அதில் உள்ளது உள்ளபடி தெரியும். வீடியோ எந்த ஆண்டு எடுத்தது என்பதை மட்டும் கவனிக்கவும். பெயரும் நிறுவனமும் மாறும்போது உள் அலங்காரமும் மாறியிருக்கும்.

மரைன் டிராபிக் என்ற தளத்தையும் திறந்து பாருங்கள். கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை ஏஐஎஸ் என்ற ரேடியோ சிக்னலாக அனுப்பிக் கொண்டே இருக்கும். அதனை வாங்கி மேப்பில் சிறு அம்புகளாகக் காட்டுகிறது இந்தத் தளம். தூத்துக்குடி துறைமுகத்தில் இந்த நிமிடம் எந்தக் கப்பல் நிற்கிறது என்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பார்க்கலாம். நீங்கள் ஏறப் போகும் கப்பலின் பெயரைத் தேடினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் மட்டும் இந்தத் தளத்தைக் காட்டி விடாதீர்கள்.

கப்பல் சொன்ன ஊரில் எல்லாம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய எம்பிரஸின் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. கப்பலில் கேசினோ இருப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. புதுச்சேரி அனுமதி தரவில்லை. பயணிகள் அங்கே இறங்க முடியாமல் போனது. காற்று, கடல் நிலை காரணமாகவும் இப்படி ஆவதுண்டு. எனவே விதிமுறைப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், எப் கீகளை ஒன்றாக அழுத்தி, ரத்து, மாற்றம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துத் தேடிப் படியுங்கள். எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணையை பிரிண்ட் எடுத்துக் காலண்டர் பக்கத்தில் மாட்டி விடலாம்.

பாஸ்போர்ட்டும் போலித் தளங்களும்

இலங்கை, சிங்கப்பூர் என்றால் நால்வருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருப்பதால் அலைச்சல் குறைவு. விண்ணப்பம், கட்டணம், நேரம் வாங்குவது எல்லாம் ஆன்லைனில்தான். 15 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்கள் பத்து ஆண்டு பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் 1,500 ரூபாய். இல்லையென்றால் 18 வயது வரையோ ஐந்து ஆண்டு வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அதற்கு 1,000 ரூபாய். 16 வயதுப் பெண்ணுக்கு 1,000 கட்டினால் இரண்டே ஆண்டில் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுதான் லாபம்.

இங்கே கவனம் தேவை. பாஸ்போர்ட் என்று தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் வந்து நிற்கும். தேடல் முடிவுகளின் மேலே விளம்பரம் என்ற குறிப்போடு வருபவற்றை விட்டு விடுங்கள். பிரவுசரின் அட்ரஸ் பாரில் தள முகவரி ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என் என்று முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்கவும். பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. வாங்கிக் கொள்பவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. இலங்கைக்கான இடிஏ அனுமதிக்கும் அந்நாட்டு அரசின் தளத்தையே நாடவும். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

ஒரு நாள் முன்னால்

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத்தில் பகலிலேயே போய்விடலாம். கொச்சி போக பாலருவி எக்ஸ்பிரஸ் செங்கோட்டை, புனலூர் வழியாகச் செல்கிறது. ஐஆர்சிடிசி தளத்தில் 60 நாள் முன்பாகவே டிக்கெட் எடுத்து விடலாம். கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேருகிற மாதிரி எடுங்கள். அரையாண்டு விடுமுறையில் போவோருக்கு இது இன்னும் அவசியம். 2023 டிசம்பர் 17ல் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக் கொண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ரயில் காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது.

கடலில் செல்போன்

செல்போன் பில்தான் கப்பல் டூரில் பிள்ளைகள் வைக்கும் பெரிய செலவாக முடியலாம். கரையிலிருந்து விலகியதும் நம் ஊர் டவர் சிக்னல் போய்விடும். பல கப்பல்களில் சாட்டிலைட் வழியே இயங்கும் தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. ரோமிங் ஆனாக இருந்தால் போன் அதனுடன் இணைந்து கொள்ளும். கட்டணம் சாதாரண ரோமிங்கை விடப் பல மடங்கு அதிகம். பையன் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அப்ளிகேஷன்கள் பின்னணியில் தம்மைத் தாமே அப்டேட் செய்து டேட்டாவைத் தின்னும். எனவே ஏறியதும் எல்லாப் போன்களையும் பிளைட் மோடில் போட்டு, பின் வை-பியை மட்டும் ஆன் செய்திடவும். கட்டாயம் பேச வேண்டியவர்கள், கப்பலுக்கான தனி பேக் உள்ளதா என்று தங்கள் மொபைல் நிறுவனத்திடம் முன்பே கேட்டுக் கொள்ளலாம். லட்சத்தீவில் கவலை குறைவு. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி பைபர் கேபிள் அங்கே போய்ச் சேர்ந்து விட்டது. ஆனாலும் நடுக்கடலில் சிக்னல் கிடையாது.

கிளம்பும் முந்தைய வாரம், இறங்கப் போகும் ஊர்களின் மேப்பைக் கூகுள் மேப்ஸில் ஆப்லைன் மேப்ஸ் என்ற பிரிவுக்குச் சென்று போனில் இறக்கி வைக்கவும். படங்களையும் பாடல்களையும் அப்படியே. கப்பல் டிக்கெட், அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ் ஆகியவற்றை ஒரே போல்டரில் போட்டு, பிரிண்ட் இரண்டு பிரதிகள் எடுத்துத் தனித்தனிப் பைகளில் வைத்திடுங்கள். மெயிலில்தானே இருக்கிறது என்று விட்டால், செக்-இன் வரிசையில் நெட் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுப்பவர்கள், வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் பைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, மெயிலிலிருந்து சைன் அவுட் செய்து விட்டு எழுந்திருங்கள்.