பெயரடையும் அதன் துணைச்சொல்லும்: ஆங்கிலச் சொல்வளம் பெருகும் வழி

ஒரு பெயர்ச்சொல் குறிக்கும் பொருளின் தன்மை, அளவு, நிறம், வடிவம் முதலியவற்றை எடுத்துரைக்கும் சொல்லே பெயரடை. ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்களைப் பெருக்கிக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் ஒரே பொருள் தரும் பல சொற்களின் பட்டியல்களை நாடி, 'குட்' என்பதற்கு மாற்றாக இருபது சொற்களை மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் பெயரடை தான் சார்ந்து நிற்கும் பெயர்ச்சொல்லோடு சேரும்போதுதான் முழுப்பொருள் தருகிறது என்பதால், எழுத அமரும் வேளையில் அந்தப் பட்டியல் பெரிதும் உதவுவதில்லை.

இத்தனை பெயரடைகள் ஆங்கிலத்தில் குவிந்ததற்கு வரலாறே காரணம். 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. பின்னர் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் நேராகச் சொற்களை எடுத்துக்கொண்டனர். இதனால் 'அரசனுக்குரிய' என்ற ஒரு கருத்துக்குப் பழைய ஆங்கில வேரிலிருந்து 'கிங்லி', பிரெஞ்சு வழியே 'ராயல்', லத்தீனிலிருந்து 'ரீகல்' என மூன்று சொற்கள் அமைந்தன. இவற்றுள் ராயல் சொசைட்டி போன்ற அமைப்புகளின் பெயரில் இடம்பெறுவது முதன்மையாக 'ராயல்'; ஒருவரின் கம்பீரமான தோற்றத்துக்குப் பொருந்துவது 'ரீகல்'. பல்லைக் குறிக்கும் 'டூத்' பழைய ஆங்கிலச் சொல்லாக இருக்க, அதன் பெயரடையாக 'டெண்டல்' லத்தீனிலிருந்து வந்ததும், 'மூன்' என்பதற்கு 'லூனார்' இணையானதும் இவ்வாறே. ஒலியால் தொடர்பற்ற இத்தகைய இணைகளைச் சேர்த்தே கற்பது நல்லது.

மருத்துவரும் ராயல் சொசைட்டியின் செயலராக இருந்தவருமான பீட்டர் மார்க் ரோஜே, 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் நூலில் சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துகளின் அடிப்படையில் தொகுத்தார். சொற்களுக்கு விளக்கம் தராத அந்நூல், அவற்றை முன்பே அறிந்து, எழுதும்போது நினைவுக்குக் கொண்டுவர முடியாதவர்களுக்கே பெரிதும் பயன்படும். புதிதாகக் கற்போர் அதிலிருந்து சொல்லை எடுத்தாள்வதில் ஆபத்து உண்டு. 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' ஆகிய இரண்டும் மெலிந்த உடலைக் குறித்தாலும் முன்னது பாராட்டு. பின்னது பெரும்பாலும் கேட்பவர் மனத்தைப் புண்படுத்தும்.

எந்தப் பெயரடை எந்தப் பெயர்ச்சொல்லோடு வழக்கமாக இணைகிறது என்பதை மொழியியலார் சொற்சேர்க்கை என்பர். இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்துக்கு அழுத்தம் தந்தவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. இரண்டையும் இடம் மாற்றினால் இலக்கணம் பிழைபடாவிட்டாலும் வழக்கு பிழைபடும். தமிழிலும் மழைக்குக் 'கன', காற்றுக்குப் 'பலத்த' என்று வழங்குவதால் இந்த எடுத்துக்காட்டு தமிழர்க்கு எளிதில் விளங்கும். எல்லாச் சேர்க்கைகளும் இப்படி ஒத்துப்போவதில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942-இல் அங்கே வெளியான தம் அகராதியைப் பிறமொழியாளரின் தேவையை மனத்திற்கொண்டு உருவாக்கினார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் வழங்கும் கற்போர் அகராதி அதன் வழிவந்ததே.

சொல்லின் படிநிலையும் அறியத்தக்கது. களைப்பைக் குறிக்கும் 'டயர்ட்' என்பதற்கு முன் 'வெரி' இயல்பாக வரும். உச்சநிலைக் களைப்பைக் குறிக்கும் 'எக்ஸாஸ்டெட்' என்பதற்கு முன் 'அப்ஸல்யூட்லி' என்பதே பொருந்தும். சொல்லின் ஈறும் பொருளை மாற்றும்: தமக்குச் சலிப்பாக இருப்பதைச் சொல்ல 'போர்ட்' என்பதே உரியது. 'போரிங்' என்றால் பேசுபவரே பிறருக்குச் சலிப்பூட்டுபவர் என்று பொருளாகிவிடும்.

ஆகவே குறிப்பேட்டில் பெயர்ச்சொல்லைத் தலைப்பாக எழுதி, வாசிப்பில் அதனோடு கண்ட பெயரடைகளை அவை இடம்பெற்ற சொற்றொடரோடு அதன்கீழ்ச் சேர்ப்பதே பயனுள்ள முறை. குரலைக் குறிக்கும் 'வாய்ஸ்' என்ற தலைப்பின்கீழ், தாழ்ந்த சுருதியில் சற்றே கரகரக்கும் குரலுக்கு 'ஹஸ்கி', சளியாலோ கத்தியதாலோ கம்மிய குரலுக்கு 'ஹோர்ஸ்', காதைத் துளைக்கும் உச்சக் குரலுக்கு 'ஷ்ரில்' என மூன்று பதிவுகள் அமையும். நான்காவதை அடுத்த நாவலோ நாளிதழோ தரும்.