எட்டுக் கிலோமீட்டரில் இருநூறு மீட்டர்

ரயில்வேயில் புதிய பாதைக்கு அளவெடுக்கப் போகிறவனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதை 'ரூலிங் கிரேடியன்ட்' என்போம். நூறு கிலோமீட்டர் பாதை சமதரையாகவே இருக்கட்டும்; நடுவில் ஓரிடத்தில் நீண்ட, கடுமையான ஏற்றம் வந்துவிட்டால், ஓர் எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை அந்த ஏற்றமே முடிவு செய்யும். மற்ற இடங்களின் சௌகரியம் கணக்கில் வராது. சைக்கிள் பாதைக்கும் இதே விதிதான் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

புரிய வைத்தவர், என் செக்‌ஷனில் கேங்மேனாக இருந்த ஒருவர். எங்கள் ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி அவருடைய கிராமம். இங்கே மத்தியப் பிரதேசத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அரசு இலவச சைக்கிள் தருகிறது. அவர் மகளுக்கும் ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த சைக்கிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரோரம் நின்றது.

"ஏன்?" என்றேன்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அனுப்புவேன் சாப். அதுக்கு மேல மாட்டேன்" என்றார்.

அந்தப் பாலம் எனக்குத் தெரியும். சாலையை நான்கு வழியாக்கியபோது ஓரத்தில் சர்வீஸ் ரோடு போட்டார்கள்; நல்ல ரோடுதான். ஆனால் ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் அது முடிந்துவிடுகிறது. அங்கிருந்து இருநூறு மீட்டர், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் லாரி. அதைத் தாண்டினால் மறுபடி சர்வீஸ் ரோடு. எட்டுக் கிலோமீட்டரையும் அந்த இருநூறு மீட்டர் பயனற்றதாக்கிவிட்டது.

சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு பீகார் சாட்சி. 2006-இல் அங்கே ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் அவர்கள் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதாவது, ஊர் விட்டு ஊர் போகும் பாதையில்தான் சைக்கிளுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

2019-இல் மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கிடையே மிட்லண்ட் ரயில்வேயின் பாதை ஒன்று இருந்தது. 1966-இல் அதில் பயணிகள் ரயில் நின்றது. 1977-இல் பிரிஸ்டலில் சில சைக்கிள் பிரியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் ஜான் கிரிம்ஷா, சிவில் எஞ்சினியர். 1979-இல் தொண்டர்களே மண்வெட்டி பிடித்து பாத்திலிருந்து பிட்டன் வரை ஐந்து மைலை முடித்தார்கள். பிறகு வேலையில்லா இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தின் ஆட்களும் சேர, 1986-இல் 13 மைலும் முடிந்தது. வாடகை சைக்கிளில் நானும் அதில் போனேன். அறுபதைத் தாண்டிய முழங்கால் ஒருமுறைகூட முனகவில்லை. ரயில் ஏறிய மேட்டில் சைக்கிள் ஏறாதா என்ன! வழியில் மாங்கட்ஸ்ஃபீல்டில் பழைய பிளாட்பாரங்கள் அப்படியே நிற்கின்றன. ஸ்டேபிள் ஹில் சுரங்கம் சுமார் 470 மீட்டர். உள்ளே விளக்கு எரிகிறது. அந்த விளக்கு இல்லையென்றால் 13 மைலும் வீண் என்று எனக்குத் தோன்றியது. யாரோ அதைச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதே சங்கம், சஸ்ட்ரான்ஸ் என்று பெயர் பெற்று வளர்ந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுண்டு கிடைத்தது. 2000-இல் 5,000 மைல் தேசிய சைக்கிள் வலையைத் திறந்தார்கள். வலை நீண்டுகொண்டே போனது. 2018-இல் அவர்களே பரிசோதித்தபோது நீளம் 16,575 மைல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மோட்டார் வாகனம் இல்லாத பாதை. 42 சதவீதம் 'மிக மோசம்' என்று எழுதினார்கள். 2020-இல் ஏறக்குறைய கால் பங்கை வலையிலிருந்து நீக்கினார்கள், அல்லது வேறு வகையில் சேர்த்தார்கள். தன் குறையைத் தானே அச்சிட்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் நீளத்தைப் பெருக்கியதற்கு பதிலாக, அறுந்த இடங்களை முதலில் இணைத்திருக்கலாமே என்று ஒரு பாதைக்காரன் கேட்கத்தான் செய்வான்.

நம் நாட்டிலும் இட்டாவா சிங்க சஃபாரியிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை 2016 நவம்பரில் திறந்தார்கள். சிங்கத்தையும் தாஜ்மகாலையும் சைக்கிளில் இணைப்பது நல்ல யோசனைதான். ஆனால் 207 கிலோமீட்டர் மிதிக்கிறவர் எத்தனை பேர்? பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மிதிக்கிறவர்தான் அதிகம். முதலில் அவர்களுக்குப் பாதை வேண்டும்.

பாலத்தைப் பற்றி நான் ஒரு மனு எழுதினேன். தூண்களின் பக்கவாட்டில் இரும்புத் தாங்கிகள் பொருத்தி, இரண்டரை மீட்டர் அகலத்துக்கு ஒரு தனி நடைமேடை, வரைபடமும் இணைத்திருந்தேன். பதில் வந்தது: போதுமான சைக்கிள் போக்குவரத்து இல்லை. அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே இதற்கு விதி வகுத்தது. மணிக்கு 200 மோட்டார் வாகனங்களுக்கு மேல் போகும் சாலையில், மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை போடலாம் என்பது அந்த விதி. காலை நேரத்தில் பாலத்தருகே நின்று நானே எண்ணிப் பார்த்தேன். நூறு தேறவில்லை. தேறாது! பயந்து வீட்டில் நிற்கிற சைக்கிளைப் பாலத்தில் எப்படி எண்ணுவது? ஆற்றில் நீந்திக் கடப்பவர்களை எண்ணிப் பார்த்துத்தான் பாலம் கட்டுவது என்றால், எந்த ஆற்றிலும் பாலம் வந்திருக்காது.

பணம் இன்னொரு சங்கதி. கட்டுவதற்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும். கல்வெட்டில் பெயர் இருக்கும். துருவைச் சுரண்டி வர்ணம் பூசக் கல்வெட்டு கிடையாது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. சாலை போடும் காண்டிராக்டரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தினமும் தண்டவாளத்தில் நடந்து பார்க்க ஆள் வைத்திருந்த இலாகாவில் வேலை செய்தவன் நான். ஆகவே இரண்டாவது மனுவில் இந்த ஷரத்தையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த முறை பாலத்தில் எண்ணப் போவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள கிராமங்களில், சைக்கிள் வாங்கிய வீடுகளுக்குப் போய் எண்ண வேண்டும்: எத்தனை சைக்கிள் ஓடுகிறது, எத்தனை சுவரோரம் நிற்கிறது, ஏன் நிற்கிறது. கேங்மேன் தன் ஊரை எண்ணித் தருவதாகச் சொல்லிவிட்டார். மற்ற ஊர்களுக்கு ஆள் வேண்டும். சங்கத்தில் ஹிந்தி எழுதத் தெரிந்த அன்பர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடிந்தால், நூலகம் திறந்திருக்கும் மாலை நேரத்தில் என்னைப் பார்க்கலாம். படிவங்கள் தயாராக இருக்கின்றன.